கன்றைச் சுற்றி ஒரு முழம்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலங்களில் தேக்கு, மலைவேம்பு, சந்தனம் என்று மரப்பயிருக்கு மாறியவர்கள் இப்போது எங்கள் பக்கம் அதிகம். தோப்பைப் பார்க்கப் போனால், வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் ஓட்டி, ஒரு புல் இல்லாமல் சிவந்து கிடக்கும் மண்ணைத்தான் முதலில் பெருமையோடு காட்டுகிறார்கள். அந்தச் சுத்தம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் கொடுத்த கூலிக்கு ஈடான நன்மை கன்றுக்குக் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. வெறுமையாகக் கிடக்கும் செம்மண் ஐப்பசி மழையில் கரைந்து ஓடுகிறது, ஓடாமல் எஞ்சியது வெயிலில் ஓடுபோல இறுகிவிடுகிறது.

இளங்கன்றிடமிருந்து களை பறிப்பது முதலில் தண்ணீரைத்தான். நமக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அடியில் செம்புறாங்கல் படிந்த மேட்டு நிலத்தில் அந்த ஈரம் நெடுநாள் தங்குவதில்லை. புல்லின் சல்லிவேர்களும் புதிதாக நட்ட கன்றின் வேர்களும் மேல்மண்ணின் அதே அரையடிக்குள் இருப்பதால், கிடைக்கிற ஈரத்தைப் புல்லே முந்திக்கொள்கிறது. இரண்டு கை தள்ளி இடுப்பளவு நிற்கும் ஆவாரையைவிட, தண்டையொட்டிப் படர்ந்திருக்கும் அருகம்புல் கன்றுக்கு அதிகக் கெடுதல் செய்வது இதனால்தான். புல்லை அரிவாளால் அறுத்துவிடுவதால் மட்டும் தீராது. வேர் உள்ளேயே இருக்கிறது, பத்து நாளில் தழைத்துக்கொண்டு மறுபடி ஈரத்தை இழுக்கிறது. ஆகவே தண்டிலிருந்து நாலாபுறமும் ஒரு முழம் விட்டமாக அல்லாமல் ஆரமாக, அதாவது ஏறத்தாழ 1 மீட்டர் அகலமுள்ள வட்டத்தை, களைக்கொத்தால் மேலாகக் கொத்திச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். ஆழமாகக் கொத்தினால் கன்றின் வேரும் அறுபடும்.

கொத்தும் காலம் முக்கியம். மழை தொடங்கி மூன்று, நான்கு வாரங்களில், களை விரல் நீளம் இருக்கும்போது முதல் கொத்து. மார்கழி முடிவதற்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே இரண்டாவது. தை பிறந்தபின் ஆள் கேட்டால், "புல்லு தண்ணியக் குடிச்ச பிறகு வெட்டி என்னங்கய்யா பிரயோசனம்?" என்பார் எங்களுக்குக் களை எடுக்க வரும் அம்மா. கூலி போகிறதே என்று பாராமல் அவர் சொல்வது சரியான பேச்சு.

எல்லாச் செடியும் களை அல்ல. கொழுஞ்சி காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்க்கும் செடி; அதை வரிசைகளின் நடுவே வளரவிட்டுப் பூக்கும் தருணத்தில் அறுத்து வட்டத்தில் மூடாக்காகப் பரப்பலாம். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கரையான் தண்டில் ஏறும். சந்தனத்தின் கதை இன்னும் வேறு. அது தன் உறிஞ்சுவேர்களைப் பக்கத்துச் செடியின் வேரில் பொருத்திப் பிழைக்கும் பாதி ஒட்டுண்ணி. அதற்காகவே குழியில் வைத்த துவரையையும் பொன்னாங்கண்ணியையும் களை என்று பிடுங்கிவிட்டால் கன்று நாளடைவில் மஞ்சளித்து நலிந்துவிடும். புதிய ஆட்களுக்கு இதைக் காட்டிச் சொல்லாமல் தோப்புக்குள் விடக்கூடாது.

கோரை தனி ரகம். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் சரம்போலக் கோத்திருக்கும். கொத்தும்போது சரம் அறுந்தால் உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைவிடும். வட்டத்துக்குள் கிழங்கோடு பொறுக்கி எடுக்க வேண்டும், மற்ற இடத்தில் மரநிழல் வந்து அதை ஒடுக்கும்வரை பொறுக்க வேண்டும். சீமைக் கருவேல முளையையும் தரையோடு வெட்டினால் கழுத்துப் பகுதியிலிருந்து புதராகத் துளிர்க்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில், ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து முளைப்பதால், அடுத்த மழைக்கு இந்த வேலை இரட்டிப்பாகும்.

ஆள் கிடைக்காத குறைக்குப் பலரும் புல் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கியிருக்கிறார்கள். வரிசைகளின் நடுவே அது நல்ல கருவி. தண்டருகே கொண்டுபோனால், சுழலும் நைலான் நரம்பு மலைவேம்பின் மெல்லிய பட்டையை நொடியில் உரித்துவிடுகிறது. பட்டை முழுச்சுற்றும் போய்விட்டால், இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை; இலை சில வாரங்கள் பச்சையாகவே இருப்பதால் காரணம் புரியாமல், மரம் பட்டபின் நோய் என்று மருந்து தேடுகிறார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் அப்படித்தான்: பச்சைத் தண்டிலோ இலையிலோ சாரல் பட்டாலே கன்று கருகக்கூடும். 2022இல் மத்திய அரசு, அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடும் விதித்தது.

தேக்கிலும் மலைவேம்பிலும் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் மூடும்வரை, பொதுவாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், இந்த வட்டத்தைக் காப்பாற்றினால் போதும். அதற்கிடையில் மாசி பிறப்பதற்குள் சாலையோர வேலியை ஒட்டிக் காய்ந்து நிற்கும் புல்லை மட்டும் இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது கைகளை விரித்த நீளம்) அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கிவிட வேண்டும். போகிறவர் எறியும் பீடித் துண்டு ஒன்று போதும், தோப்புக்குள் தீ நுழைய.