கால்விரலில் குடிபுகுந்த தெள்ளு

அயல்நாட்டில் தன்னார்வப் பணிக்குச் செல்பவர்களுக்குப் புறப்படுமுன் அளிக்கப்படும் மருத்துவ அறிவுரைகள் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானவற்றைப் பற்றியே இருக்கும். உகாண்டாவுக்குப் புறப்பட்ட எங்கள் குழுவுக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், மலேரியா மாத்திரைகள், விக்டோரியா ஏரியில் குளித்தால் தொற்றக்கூடிய நத்தைக் காய்ச்சல், தலைக்கவசமின்றி 'போடா போடா' மோட்டார் சைக்கிளில் ஏறுவதன் ஆபத்து ஆகியவற்றை விரிவாக விளக்கினார்கள். 'ஜிகர்' என்று அங்கே அழைக்கப்படும், தோலுக்குள் புகும் சிறு பூச்சியான மண் தெள்ளுக்குக் கையேட்டில் கிடைத்த இடம் ஒரே வரிதான்: மூடிய காலணி அணிக. என் பணிக்காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரே மருத்துவச் சிக்கல் அந்த ஒற்றை வரிக்குள்தான் இருந்தது.

கிழக்கு உகாண்டாவின் புசோகா பகுதியில், இகாங்கா நகருக்கு அப்பால் இருந்த ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களுக்குக் கணக்குக் கற்பிக்கும் முறைகளில் துணை நிற்பது என் வேலை. 1997-இல் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி அறிமுகமானபின் அந்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் பெருகிய வேகத்துக்குக் கட்டடங்கள் ஈடுகொடுக்கவில்லை. எங்கள் பள்ளியிலும் மேல் வகுப்புகளுக்கு மட்டுமே பெஞ்சுகள் இருந்தன. சிறியவர்கள் மண் தரையில் அமர்ந்து படித்தார்கள். கொட்டைகளையும் குச்சிகளையும் பரப்பி எண்ணக் கற்பிக்கும்போது நானும் அவர்களோடு தரையில் அமர்வேன். என்னை ஓர் 'முயிண்டி', அதாவது இந்தியப் பெண், என்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு, நான் தரையில் அமர்ந்தபிறகு அந்த வேடிக்கை தீர்ந்துபோனது.

இடது காலின் சுண்டுவிரல் நகத்தோரம் முதலில் வெறும் அரிப்பாகத்தான் இருந்தது. முள் தைத்திருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். சில நாள்களில் அந்த இடம் வெளுத்துத் தடித்து, நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மதியக் கஞ்சி காய்ச்சும் அம்மா நான் நொண்டுவதைப் பார்த்துக் காலை நீட்டச் சொன்னார். ஒரு முறை பார்த்ததுமே, "இது முள் இல்லை மேடம்" என்று சொல்லித் தம் ஆடையிலிருந்த ஊக்கைக் கழற்றினார். அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. அந்த ஊரில் நூற்றுக்கணக்கான கால்களை அவர் பார்த்திருப்பார். ஆனால் அதே ஊக்கு இதற்குமுன் எத்தனை கால்களில் நுழைந்தது என்ற கேள்வி இருந்தது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவதால் கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் பரவும் வாய்ப்பு உண்டு என்பதால், அவர் மனம் கோணாதபடி மறுத்துவிட்டு அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

உகாண்டாவில் அரசுச் சுகாதார நிலையங்களில் சாதாரண சிகிச்சைக்கான கட்டணம் 2001-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எனவே காத்திருப்பு மட்டுமே செலவு. அங்கே செவிலியரையும் மருத்துவரையும் ஒரே மரியாதையோடு 'முசாவோ' என்று அழைக்கிறார்கள். எனக்குக் கிடைத்த முசாவோ ஒரு நடுத்தர வயதுச் செவிலியர். விரலைக் கழுவி, கிருமிநீக்கம் செய்த ஊசியால் கரும்புள்ளியைச் சுற்றியிருந்த தோலை மெல்ல நெகிழ்த்தி, பயறளவு இருந்த வெண்ணிறப் பையை உடையாமல் முழுதாக வெளியே எடுத்தார். உள்ளே உடைந்தால் அழற்சி கூடும் என்பதால் அந்தப் பொறுமை தேவைப்படுகிறது. ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு மருந்து வைத்துக் கட்டினார். வலி பெரிதாக இல்லை. கட்டுப்போடும்போது அவர் சொன்னதுதான் மனத்தில் தங்கியது: "இதற்காக இங்கே யாரும் வருவதில்லை, மேடம். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்."

அந்தப் பூச்சியைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். கண்ணுக்கு எளிதில் புலப்படாத பெண் தெள்ளு தோலுக்குள் தலைகீழாகப் புகுந்து, பின்முனையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அந்தச் சிறு துளை வழியாகவே மூச்சு விட்டு, கழிவை நீக்கி, முட்டைகளையும் உதிர்க்கிறது. நான் பார்த்த கரும்புள்ளி அந்தத் துளைதான். முட்டைகள் தரையில் விழுந்து உலர்ந்த புழுதியில் வளர்கின்றன. தாய்த் தெள்ளு நான்கு முதல் ஆறு வாரங்களில் தோலுக்குள்ளேயே மடிந்துவிடும். இது ஆப்பிரிக்காவின் பழைய குடியும் அன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தத் தெள்ளு 1872-இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு கப்பலின் மணலோடு அங்கோலாக் கடற்கரையில் இறங்கி, வணிகப் பாதைகளின் வழியே சில பத்தாண்டுகளில் கண்டத்தின் கிழக்குக் கரை வரை பரவியது. வந்தேறிய பூச்சி என்றாலும், இன்று அதன் பழி முழுவதும் அது கடிக்கும் மனிதர்கள்மேல்தான் விழுகிறது.

இதை நான் உணர்ந்தது என் விரலால்தான். தலைநகரிலிருந்த எங்கள் அலுவலகத்தில் செய்தி பரவியதும் அனைவரும் அன்போடு விசாரித்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் நலம் கேட்டார்கள். சக தன்னார்வலர்களுக்கு அது சிரித்துச் சொல்லத் தகுந்த ஒரு சாகசக் கதையாயிற்று. அதே வாரத்தில், இரண்டாம் வகுப்பில் குதிகாலை ஊன்றாமல் விரல்களை மடக்கி நடந்த ஒரு பையனைப் பிற பிள்ளைகள் அழுக்கன் என்று கூவி விரட்டியதையும், அவன் கால்களைச் சட்டைக்குள் இழுத்து மூடிக்கொண்டு அமர்ந்ததையும் பார்த்தேன். மறுநாள் அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக வெறும் 'வரவில்லை' என்ற குறிதான் இருந்தது. ஒரே பூச்சி என் காலில் விபத்தாகவும் அவன் காலில் ஒழுக்கக் குறைவாகவும் கருதப்பட்டது.

சோப்பும் தண்ணீரும் போதும் என்று சொல்பவர்கள், அந்தத் தண்ணீரை ஆழ்துளைக் குழாயிலிருந்து தலையில் சுமந்துவருபவர் யார் என்று கேட்பதில்லை. கழுவிய கால் மீண்டும் அதே புழுதித் தரையில்தான் ஊன்றுகிறது. இதனால் நடக்க முடியாமல், கால்விரல் நகங்களை இழந்து, சீழ்ப்பிடித்து அவதிப்படுபவர்கள் உண்டு. 2010-இல் புசோகாவில் சுமார் 20 பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் சொறிசிரங்கையும் பிற புற ஒட்டுண்ணி நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். டைமெதிகோன் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தைத் தடவினால் தெள்ளின் மூச்சுத்துளை அடைபட்டு அது உள்ளேயே சாகிறது, ஊசியே தேவையில்லை. எனினும் நான் இருந்தவரை அந்தச் சுகாதார நிலையத்துக்கு அது வந்துசேரவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் கட்டுப்போட்ட என் விரலைக் காட்டியே இதைப் பேசினேன். துணைத் தலைமையாசிரியை நடைமுறை அறிந்தவர். பேச்சை வளர்க்காமல், பெருக்குமுன் வகுப்பறைத் தரையில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தார். கிராமச் சுகாதாரக் குழுவைச் சேர்ந்த பெண்மணி மதிய இடைவேளையில் வந்து, யாரையும் தனியே பெயர் சொல்லி அழைக்காமல் வகுப்பு முழுவதன் கால்களையும் பார்த்தார். அந்தப் பையனைத் தனியே நிறுத்தாத இந்த முறை நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அவர் தம் அனுபவத்தில் வகுத்தது.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய நிகழ்வு அறிக்கையில் 'தவிர்த்திருக்கக்கூடிய காரணம்' என்ற பகுதியில் 'வகுப்பறைத் தரை' என்று எழுதினேன். மருத்துவ ஒருங்கிணைப்பாளர், அது தன்னார்வலர் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் என்று திருப்பி அனுப்பி, 'திறந்த காலணி' என்று திருத்தச் சொன்னார். அவர் தரப்பில் நியாயம் இருந்தது. படிவம் தன்னார்வலரின் பாதுகாப்புக்காகவே உள்ளது. நான் இரண்டையும் எழுதி அனுப்பினேன். பெற்றோர் குழு மக்காச்சோள அறுவடைக்குப்பின் பணம் திரட்டி, மணலைத் தாங்களே சுமந்து, முதல் வகுப்பின் தரைக்குச் சிமெண்டு பூசியது; இரண்டாம் வகுப்புக்கு அடுத்த அறுவடை வரை பொறுக்க வேண்டும் என்று நான் ஊர் திரும்பும்போது சொன்னார்கள்.