மாமாவின் ஓஎம்-1: மூன்று ரோல் முடிந்தது

தாய்மாமா வீட்டு அலமாரியிலிருந்து ஒலிம்பஸ் ஓஎம்-1 என்ற பிலிம் கேமரா என் கைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று ரோல் முடித்து நான்காவதைப் போட்டிருக்கிறேன். பிலிம் கேமரா பழகலாமா என்று யோசிப்பவர்களுக்கும், பயணத்துக்குக் கொண்டுபோகச் சின்னதாக ஒரு எஸ்எல்ஆர் (படம் எடுக்கும் லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) தேடுபவர்களுக்கும் உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மில் வேலையாக 1978 இல் சிங்கப்பூர் போனபோது மாமா வாங்கிவந்தது இது. தோல் உறையைக் கழற்றிக் கையில் கொடுத்ததும் "இவ்வளவு சின்னதா?" என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸோடு சேர்த்து 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய எஸ்எல்ஆர்கள் பலவும் கழுத்தை இழுக்கும் கனம். அந்தக் கனத்தையும் உருவத்தையும் குறைத்தே தீர வேண்டும் என்று ஒலிம்பஸ் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி பிடிவாதமாக உழைத்து, 1972 இல் கொண்டுவந்த கேமரா இது. முதலில் வைத்த பெயர் எம்-1. ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்காவின் எம் வரிசைப் பெயரோடு மோதியதால் லைக்கா ஆட்சேபித்தது, ஓஎம்-1 ஆனது.

உடம்பு சின்னது என்றாலும் வியூபைண்டர் சின்னதில்லை. கண்ணை வைத்ததும் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். இந்த அளவு கேமராவுக்குள் அதை எப்படி வைத்தார்கள் என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொரு விஷயம், ஷட்டர் வேகத்தை, அதாவது பிலிமில் வெளிச்சம் படும் நேரத்தை, மாற்றும் வளையம். மற்ற கேமராக்களில் மேலே வலது பக்கம் குமிழாக இருக்கும். இதில் உயரத்தைக் குறைப்பதற்காக ஷட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்களைக் கேமராவின் அடிப்பக்கத்துக்கு இறக்கிவிட்டார்கள். அதனால் வேக வளையம் லென்ஸ் மாட்டும் இடத்தைச் சுற்றி வந்துவிட்டது. லென்ஸின் முன்பக்கம் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு), நடுவில் ஃபோகஸ், உடம்பை ஒட்டி ஷட்டர் என்று மூன்றும் இடது கைக்கே. வலது கைக்கு வேலை பிலிமை நகர்த்துவதும் பட்டனை அழுத்துவதும் மட்டும். முதல் வாரம் விரல்கள் தடுமாறின. இப்போது வேறு கேமராவைத் தொட்டால்தான் தடுமாறுகிறேன்.

"பேட்டரி செத்தாலும் படம் எடுக்கும் கண்ணு. முள்ளு மட்டுந்தான் ஆடாது" என்றார் மாமா. உண்மைதான். ஷட்டர் முழுக்க இயந்திர வேலை. உள்ளே வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும் ஒரு பட்டன் பேட்டரி வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல். இது கேட்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால், உள்ளதைவிட வெளிச்சம் அதிகம் என்று முள் காட்டும், படம் இருட்டாகிவிடும். இதற்கு வழி காது கேட்கும் கருவிக் கடையில் இருக்கிறது. 675 என்ற எண்ணுள்ள ஜிங்க்-ஏர் பேட்டரி, 1.4 வோல்ட். விட்டம் 4 மி.மீ. குறைவாக இருப்பதால் உள்ளே ஆடும். மோட்டார் பம்ப் கடையில் ஒரு ரப்பர் ஓ-ரிங் வாங்கிச் சுற்றி மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஒட்டியிருக்கும் நீலத் தாளை உரித்துவிட்டுச் சில நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகுதான் போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

முதல் ரோல் கோடக் கோல்டு 200, கலர் பிலிம். இந்த எண் பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதற்கு, எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். வீடு, மாடி, பக்கத்துத் தெரு, வாழைத்தோப்பு என்று 36 படத்தையும் நான்கே நாளில் முடித்துவிட்டேன். லேபிலிருந்து ஸ்கேன் வந்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. பாதிக்கு மேல் படங்களில் ஒரு ஓரமாக ஆரஞ்சும் சிவப்புமாகத் தீ பற்றியது போல் கோடு. லேபில் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் யோசித்தபோது அந்த நிறமே பதிலைச் சொல்லிவிட்டது. கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்குதான் மற்ற நிற அடுக்குகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. வெளிச்சம் லென்ஸ் வழியாக வராமல் பின்பக்கமாக நுழைந்தால் முதலில் அகப்படுவது அந்த அடுக்குதான். அப்படியானால் கேமராவின் பின்கதவு கசிகிறது.

கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவு பொருந்தும் காடியில் இருந்த கருப்பு ஸ்பாஞ்ச், நாற்பது வருடத்துக்கு மேல் ஆனதில் தார் மாதிரி உருகிப்போயிருந்தது. விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு நூலாக இழுக்கிறது. பழைய எஸ்எல்ஆர் எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குப் போனது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பல்குத்தும் குச்சியின் முனையைத் தொட்டுத் தொட்டு, காடியில் இருந்ததைச் சுரண்டி எடுத்தேன். துகள் உள்ளே விழாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி, அதில் விரலோ ஆல்கஹாலோ படவே கூடாது. காடி சுத்தமானதும், அம்மா ஸ்வெட்டர் பின்ன வைத்திருந்த கருப்பு உல்லன் நூலை மேலும் கீழுமாக அழுத்தி ஒட்டினேன். கீல் பக்கம் இடம் அகலம், அங்கே கருப்பு வெல்வெட் ரிப்பன் ஒரு துண்டு. கதவை மூடும்போது முன்பு கேட்ட தகரச் சத்தம் போய், ஒரு மெத்தென்ற ஒலி வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே நாலு தடவை திறந்து மூடினேன்.

வியூபைண்டரின் அடியில் புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு தெரிகிறது. மேலே, காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பிரிஸத்தை ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சும் இப்படியே உருகி, அதன் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். ஓஎம்-1 இல் அடிக்கடி பார்க்கிற நோய் இது. படத்தில் விழாது என்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இரண்டாவது ரோல் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், 400, கருப்பு-வெள்ளை. இந்தத் தடவை கசிவு இல்லை. ஆனால் இந்த ரோல்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

மாமா காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் சுண்ணாம்புச் சுவர். முள்ளை நடுவில் நிறுத்தினேன், எடுத்தேன். நெகட்டிவ் வந்ததும் ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அவர் முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி காலி. ஒன்றுமே பதியவில்லை. ஸ்கேனில் வேட்டி சாம்பல் நிறம், முகம் கரி.

காரணம் எளிது, ஆனால் அனுபவித்தால்தான் உறைக்கிறது. முன்னால் இருப்பது வெள்ளையா கருப்பா என்று முள்ளுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். வேட்டியும் சுவரும் படத்தின் பரப்பை நிறைத்ததால், வெளிச்சம் ரொம்ப இருக்கிறது, குறை என்றது. நானும் குறைத்தேன். பலியானது மாமாவின் முகம்.

மாமாவிடம் நெகட்டிவைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் உள்ளங்கையை விரித்து வெயிலில் நீட்டினார். "இதுக்கு முள்ளு வெச்சுக்கோ. அப்பறம் ஒரு ஸ்டாப் கூட்டு." உள்ளங்கை மட்டும் எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளுப்பு. நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், அதிகம். படம் எடுக்கப்போகும் வெளிச்சத்திலேயே கையைப் பிடித்து அளந்து, அப்பர்ச்சரை ஒரு படி திறந்துவிட்டால் போதும். ஊட்டித் தொழிற்சாலையின் 'இந்து' கருப்பு-வெள்ளை பிலிம் போட்டு எடுத்த நாளிலிருந்தே அவர் இப்படித்தானாம். 1960 இல் தொடங்கிய அந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று மூடிக் கிடக்கிறது. அவர் எடுத்த நெகட்டிவ்களைப் பார்த்தேன், இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

மூன்றாவது ரோலும் எச்பி5. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயிலில் குன்னூர் வரை போனேன். தோளில் மாட்டியிருந்த சின்னத் துணிப்பையிலேயே கேமரா, தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம் மூன்றும் அடங்கிவிட்டன. பயணத்துக்கு இந்த கேமரா ஏன் தோது என்பதற்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பற்சட்டம் தொடங்குகிறது. ஏறக்குறைய 12 அடி போனால் ஓரடி ஏற்றம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதால், வளைவுகளில் பின்பக்க ஜன்னலில் தலையை வைத்தால் புகையோடு முழுசாகத் தெரியும். காட்டு நிழலில் அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்கினேன். அது தப்பு. ரயில் குலுக்கலில் 1/60 தாங்காது, முதல் மூன்று படமும் ஆடிவிட்டன. அப்புறம் எஃப் 5.6 க்கு வந்து (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும்) 1/250 க்குக் கீழே இறங்கவே இல்லை. நிழலிலிருந்து வெயிலுக்கு ரயில் வெளிவரும்போது கண்ணை எடுக்காமலே, வளையத்தின் 'டிக், டிக்' சத்தத்தை எண்ணிக்கொண்டே இரண்டு படி தள்ளி 1/1000 க்குப் போக முடிந்தது. வளையம் ஏன் அங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஹில்கிரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இறங்கிக் குரங்குகளுக்குப் பயந்தபடி டீ குடித்தார்கள். நான் எஞ்சின் பக்கம் ஓடினேன். கரிய இரும்பு, அதன் மேல் வெள்ளை வெளேரென்று நீராவி. முள் ஒரு நொடி மேலே, ஒரு நொடி கீழே. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளங்கையை நீட்டினேன், அளந்தேன், ஒரு ஸ்டாப் திறந்தேன், எடுத்தேன்.

அந்த நெகட்டிவ் போன வாரம் வந்தது. எஞ்சின் படத்தில் ஒவ்வொரு ரிவெட்டும் தெரிகிறது. நீராவி வெறும் வெள்ளைத் திட்டாக இல்லாமல், சுருள் சுருளாக இருக்கிறது. 36 இல் நல்ல படம் என்று நான் எடுத்துவைத்தது ஏழு. முதல் ரோலில் ஒன்றுகூட இல்லை.

நான்காவது ரோலின் முதல் படத்துக்கு மாமாவை அதே திண்ணையில், அதே காலை வெயிலில் உட்காரவைத்தேன். வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தார். அளப்பதற்குத் தன் கையையே நீட்டினார். கவுன்ட்டர் இப்போது 11 இல் நிற்கிறது.