வெரைட்டி ஹால் ரோட்டில் சாமிக்கண்ணுவைத் தேடி

கோவை ரயில் நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் பக்கம் நடந்தால் வெரைட்டி ஹால் ரோட்டுக்கு வந்துவிடலாம். கடைப் பலகைகளில் எல்லாம் அந்தப் பெயர் இருக்கிறது, ஹால்தான் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய சினிமா அரங்கு அது. பிற்பாடு டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, நூறு வருடம் தாண்டியும் நின்றது. சில வருடங்களுக்கு முன்புதான் இடித்தார்கள்.

பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "டிலைட்டுங்களா? கடைசி வரைக்கும் பழைய படம்தானுங்க ஓட்டுனாங்க. வாத்தியார் படம்னா நாங்கெல்லாம் மறுபடி மறுபடி வந்து பார்ப்போமுங்க" என்றார். தியேட்டர் இருந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்டியவர், டிக்கெட் கவுன்டர், சைக்கிள் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக இடம் குறித்துச் சொன்னார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது.

சாமிக்கண்ணு 1883-இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே வேலை. 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சி வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டு, ஊர் திரும்ப முடிவு செய்தார். அவருடைய ப்ரொஜெக்டரையும் படச் சுருள்களையும் பணம் புரட்டி வாங்கிக்கொண்டு, வேலையை உதறிவிட்டுக் கிளம்பினார் சாமிக்கண்ணு. அப்போது வயது 22. ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதென்றால், வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார்கள்! அவரோ வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டிப் பர்மாவுக்கும் கூடாரத்தோடு போய்ப் படம் காட்டினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம் அவர் கையிலிருந்த முக்கியமான சுருள்களில் ஒன்று.

கூடாரத்துக்கு மழையும் காற்றும் எதிரி. படச் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு வேறு. இத்தனை வருட அலைச்சலுக்கு அப்புறம் சொந்த ஊரில் நிரந்தரமாக ஓர் அரங்கு கட்டியதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் இதுதானா என்று ஒரு விவாதம் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-லேயே எலெக்ட்ரிக் தியேட்டர் வந்துவிட்டது, ஆனால் அதைக் கட்டியவர் ஓர் ஆங்கிலேயர். அதே 1914-இல் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டியைத் திறந்தார். யார் முதல் என்பதைவிட, ஒரே இடத்தில் மௌனப் படம், பேசும் படம், கலர் படம் என மூன்றையும் பார்த்த அரங்கு இது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1933-இல் கல்கத்தாவின் பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' படத்தையும் எடுத்தார் சாமிக்கண்ணு. டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் வசூலை அள்ளியது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1942-இல் காலமானார்.

இடிப்பதற்கு முன்னால் முகப்பையாவது விட்டுவைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது முடியாத காரியமும் இல்லை. சென்னை எலெக்ட்ரிக் தியேட்டரைத் தபால் துறை வாங்கியதால், அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது. இப்போது அங்கே தபால்தலைப் பிரிவு நடக்கிறது. மௌனப் பட காலத்து அரங்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகலாம்.