ஹேபர் முறைக் கேள்வி: வேகமா, அளவா?

ரிசல்ட் வந்த சூட்டோடு எழுதுகிறேன். நீட் வேதியியலில் மார்க்கைப் பறித்தது, தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த அம்மோனியா! நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அதைத் தயாரிப்பதுதான் ஹேபர் முறை. சமன்பாடு (N₂ + 3H₂ ⇌ 2NH₃), 200 வளிமண்டல அழுத்தம், 773 கெல்வின், இரும்பு எல்லாம் உங்களுக்கும் தெரியும், விடுங்கள்.

கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: வினை எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று கேட்டால் வேகம், கடைசியில் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்று கேட்டால் அளவு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். இரும்பு வினையூக்கி முன்வினை (அம்மோனியா உண்டாவது), பின்வினை (அது மறுபடி பிரிவது) இரண்டையும் ஒரே மடங்கு முடுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலை சீக்கிரம் வரும். அம்மோனியாவின் அளவு துளியும் அதிகரிக்காது. 'விளைச்சல் கூடும்' என்ற விடை எப்போதும் வலை விரித்துக் காத்திருக்கும்.

வெப்பநிலையிலும் வேகத்தையும் அளவையும் பிரித்துப் பாருங்கள். 200 வளிமண்டல அழுத்தத்தில், 400 டிகிரி செல்சியஸில் சமநிலைக் கலவையில் 35 சதவீதத்துக்கு மேல் அம்மோனியா இருக்கும். 500 டிகிரியில், அதாவது 773 கெல்வினில், சுமார் 18தான். பிறகு ஏன் சூடேற்ற வேண்டும்? நைட்ரஜனின் முப்பிணைப்பு குளிரில் அசைந்து கொடுக்காது. அளவை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள். உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிஞ்சிய வாயுவை மறுபடி உலைக்குள் அனுப்புகிறார்கள்.

அழுத்தம் கூடினால் அம்மோனியாவும் கூடும், ஆனால் அதை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாததற்குக் காரணம் எஃகு. ஹேபர் 1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து மேசைமேல் காட்டியதைப் பொறியாளர் பாஷ் ஆலைக்குக் கொண்டுபோனபோது, ஹைட்ரஜன் எஃகிலிருந்த கார்பனை உறிஞ்சிக் குழாய்களை வெடிக்கவைத்தது. உள்ளே மெல்லிரும்பு உறை, வெளியே ஹைட்ரஜன் கசிந்து போகத் துளையிட்ட எஃகு என்று மாற்றிய பிறகே சிக்கல் தீர்ந்தது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஊரில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. வயலுக்கு வரும் யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46% என்றிருக்கும். அந்த நைட்ரஜன் இப்படிச் செய்த அம்மோனியாவிலிருந்து வந்ததுதான். யூரியாவின் மூலக்கூறு நிறை 60, அதில் நைட்ரஜன் 28: 28ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், இந்தக் கணக்கும் கேட்பார்கள்.

சறுக்கும் இடங்கள்:

- வினையில் சேராத மந்த வாயு சேர்த்தால்: கனஅளவு மாறிலி என்றால் ஒன்றும் ஆகாது. அழுத்தம் மாறிலி என்றால் கனஅளவு விரியும், சமநிலை பின்னோக்கி நகரும். 'மாறிலி' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதை அடிக்கோடிடுங்கள்.
- கனஅளவைப் பாதியாக்கினால்: செறிவெல்லாம் 2 மடங்கு. வினைக் குணகம் (அம்மோனியா செறிவின் வர்க்கத்தை, நைட்ரஜன் செறிவு × ஹைட்ரஜன் செறிவின் கனத்தால் வகுத்தது) 4/16 மடங்காகும், அதாவது சமநிலை மாறிலியில் கால் பங்கு. முன்னோக்கி நகரும். சமநிலை மாறிலி மாறாது, அதை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே.
- 10 மோல் நைட்ரஜன், 15 மோல் ஹைட்ரஜன்: ஹைட்ரஜன் முதலில் தீர்ந்துவிடும், எனவே கிடைக்கும் அம்மோனியா 20 மோல் அல்ல, 10 மோல், 170 கிராம். 5 மோல் நைட்ரஜன் மிச்சம்.

ஒரு கூற்றையும் அதற்கொரு காரணத்தையும் கொடுத்து, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்கும் கூற்று–காரணக் கேள்வியில் இன்னும் உஷார். கூற்று: ஹேபர் முறையில் 773 கெல்வின் பயன்படுகிறது. காரணம்: இது வெப்ப உமிழ் வினை (வெப்பத்தை வெளிவிடுவது, அதனால் சூடேற்றினால் அம்மோனியா குறையும்). இரண்டும் சரி. ஆனால் கூற்று வேகத்தைப் பற்றியது, காரணம் அளவைப் பற்றியது. எனவே காரணம் கூற்றை விளக்கவில்லை.