ஆறாம் இடத்தில் என்ன இருக்கிறது? உயிர்த்தகவலியல் படித்த அனுபவம்

பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் படித்துவிட்டு உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறையான பி.டெக். உயிர்த்தகவலியலில் சேர்ந்தபோது, நான் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. உயிரியலைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வக வகுப்பு அந்த நம்பிக்கையை மாற்றியது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள். அரிவாள் செல் நோய் என்னும் பரம்பரை இரத்த நோயில், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற இன்னொன்று வந்துவிடுகிறது. தரவுத்தளத்திலிருந்து இயல்பான புரதத்தின் வரிசையை இறக்கி, அந்த ஆறாம் எழுத்தைப் பைதான் நிரல்மொழியில் எடுத்துக்காட்டுவதே பயிற்சி. பைதான் சுழியத்திலிருந்து எண்ணும் என்பதால் நான் 5 என்று கொடுத்தேன், புரோலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்தது. பக்கத்தில் இருந்த தோழி அதை மறந்து 6 என்றே கொடுத்தாள். குளூட்டாமிக் அமிலம் வந்தது. "விடை சரி, ஏன் சரி?" என்று ஆசிரியர் கேட்டபோது இருவருமே விழித்தோம். தரவுத்தள வரிசையில் 147 அமினோ அமிலங்கள் உண்டு. முதலில் நிற்கும் மெத்தியோனின் உடலில் வெட்டி நீக்கப்படுவதால், 'ஆறாம் இடம்' என்னும் பழைய கணக்கு அதற்கு அடுத்ததிலிருந்தே தொடங்குகிறது. சுழியத்தை மறந்ததும் மெத்தியோனினைக் கணக்கில் கொள்ளாததுமான தோழியின் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருந்தன. விடை சரியாக இருப்பதும் வழி சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதன்பின் எதையும் முதலில் தாளில் செய்துபார்த்தேன். இரண்டு வரிசைகளை, தேவையான இடங்களில் இடைவெளி விட்டு, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்க நீடில்மன், வுன்ஷ் இருவரும் 1970இல் வெளியிட்ட வரிசை ஒப்பீட்டு முறைக்கு, பத்தெழுத்து வரிசைகள் இரண்டை எடுத்து, தொடக்க வரியும் நெடுவரிசையும் சேர்த்து 11 × 11 என 121 கட்டங்களையும் பென்சிலால் நிரப்பினேன். ஒரு மாலை முழுவதும் போனது. ஆனால் நிரலை எழுத அரை மணி நேரமே ஆனது. இந்தப் படிப்புக்கு வருவோர் இப்படித் தாளில் செய்துபார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இறுதியாண்டில் ஒரு புரதத்தின் வரிசையை வடிவம் தெரிந்த இன்னொன்றோடு ஒப்பிட்டு அதன் வடிவத்தைக் கணித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் உருவாக்கி 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று காட்டும் வரைபடத்தில் சோதித்தேன். மூன்று புள்ளிகள் எல்லைக்கு வெளியே விழுந்தன. அவற்றில் இரண்டு, கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் புள்ளிகள். பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜன் மட்டுமே இருப்பதால் அதற்கு அந்த இடங்களிலும் அனுமதி உண்டு. மூன்றாவதைத் தேடிப்போனால், வரிசை ஒப்பீட்டில் நான் ஓர் இடைவெளியை ஓரெழுத்து தள்ளி வைத்திருந்தேன்.