50 பீப், பிறகு நீலாம்பரி

தேர்தல் பயிற்சிக்கு வரும் ஆசிரியருக்கு முதல் கவலை வருகைப் பதிவேடு, அடுத்தது சாப்பாட்டுப் பொட்டலம். வாக்குப்பதிவு இயந்திரம் அதற்கும் பின்னால்தான். பயிற்சி தருபவர்கள் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரெதிரே பிடித்துக்கொண்டு கையேட்டை வரி விடாமல் வாசிப்பார்கள். மைக் கிறீச்சிடும், பின்வரிசை தூங்கும். படிவங்களை வீட்டில் படித்துக்கொள்ளலாம். கை பழக வேண்டியது இயந்திரத்தில்தான், அதற்கோ கடைசி அரை மணி நேரம்தான் மிஞ்சும். முண்டியடித்தாவது அதைத் தொட்டுவிட வேண்டும்.

வாக்களிக்கும் கருவியின் கேபிள், வாக்கு யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபாட்டுக்கு; விவிபாட்டின் கேபிள், அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு. சொருகும்போதும் கழற்றும்போதும் கட்டுப்பாட்டுக் கருவி அணைந்திருக்க வேண்டும். விவிபாட்டின் பின்பக்கத் திருகு படுத்திருந்தால் பயண நிலை, நிமிர்த்தினால்தான் அச்சடிக்கும். அதைக் குழல்விளக்குக்கு நேர்கீழே வைக்காதீர்கள், வெளிச்சம் உள்ளே இருக்கும் உணரியைக் குழப்பிவிடும்.

7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30-க்கு மாதிரி வாக்குப்பதிவு. நோட்டா உட்பட எல்லாப் பொத்தான்களும் அழுத்தப்பட்டு, குறைந்தது 50 வாக்குகள் விழ வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பீப்’. முடிவைச் சீட்டுகளோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த வாக்குகளை அழிக்க ‘கிளியர்’ பொத்தான். அத்தோடு வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல். சீட்டுகள் இன்னும் விவிபாட் பெட்டிக்குள் கிடக்கும். எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறைக்குள் வைத்து அரக்கிட வேண்டும். மாலையில் வாக்குப்பதிவை முடிக்கும் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்த மறந்தால், எண்ணிக்கை மேசையில் அந்தக் கருவி முடிவு சொல்லாது.

நாள் முழுக்கக் கேட்டவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வாக்குப்பதிவின் நடுவே விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும், மாதிரி வாக்குப்பதிவு வேண்டாம். மற்ற இரண்டில் எது பழுதானாலும் மூன்றையும் மாற்றி, வேட்பாளருக்கு ஒரு வாக்கு வீதம் நோட்டாவுக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சாயங்காலம் பேருந்தில் ஏறியதும் காதில் இயர்போனைச் சொருகத் தோன்றும். வேண்டாம். இரைச்சலில் அடிபட்ட காது சற்று மந்தித்திருக்கும். போதாக்குறைக்கு இன்ஜின் சத்தம் வேறு. தெரியாமலே ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, சின்ன ஸ்பீக்கரில் பாதிக்கும் குறைவான ஒலியில் இசை வையுங்கள். பாட்டு வேண்டாம்; காலையிலிருந்து கேட்டதெல்லாம் சொற்கள்தானே. வீணையிலோ புல்லாங்குழலிலோ தாளம் சேராத ஆலாபனை போதும். தாலாட்டுக்கென்றே பேர்போன நீலாம்பரி ராகம் என்றால் இன்னும் நல்லது, ஆனால் சமையல் முடிந்த பிறகு. நாகஸ்வரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படுக்கும் முன் கைபேசி அலாரத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘பீப்’ என்றிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.