கூட்டிக் கேட்கும் தொகை

அடகு நகை ஏலத்தில் தங்க விலை மட்டுமே விலையைத் தீர்மானிக்கிறது என்று மட்டக்களப்பில் பலரும் நினைக்கிறார்கள். ஏலத்துக்கு முன் எழுதும் நிபந்தனைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஏலத்துக்கு வருவது, மாரி வேளாண்மைக்கு விதைநெல்லும் உரமும் வாங்க அடகுக்குப் போன தாலிக்கொடி. கடன், வட்டி, செலவு போக மிஞ்சுவது அடகு வைத்தவருக்குச் சேரவேண்டிய காசு. நிபந்தனையில் விடும் பிழை அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

200,000 ரூபாயில் தொடங்கும் ஒரு சங்கிலியை எடுங்கள். ஒருவர் 212,000 வரை கேட்பார், மற்றவர் 218,000 வரை. ஒவ்வொரு தடவையும் 500 கூட்டினால் போதும் என்றால், ஏலம் 212,000ஐ ஒட்டி, கூடக் கேட்கக்கூடியவரிடமே முடியும். 10,000 கூட்டவேண்டும் என்று வைத்தால்? இரண்டாமவர் 200,000 என்று தொடங்க, முதலாமவர் 210,000 கேட்பார். அடுத்தது 220,000, அதற்கு இரண்டாமவர் வரமாட்டார். நகையும் குறைவாக மதித்தவருக்கே போகும், விலையும் குறையும். அதற்காக 100 ரூபாய் வைப்பதும் சரிவராது. நூறு உருப்படி உள்ள நாளில் ஏலம் இழுபட்டு, பின்னால் வரும் நகைகளுக்குக் கேட்க ஆள் இருக்காது. விலையில் நூற்றுக்கு ஒன்று, கடைசியில் இருவர் மிஞ்சும்போது அதில் பாதி என்பது நல்ல அளவு.

கல் பதித்த அட்டியல், உள்ளே அரக்கு நிரப்பிய காப்பு போன்றவற்றில் மொத்த எடை தெரியும், தங்கத்தின் எடை தெரியாது. நட்டப்படப் பயந்து எல்லோரும் குறைத்தே கேட்பார்கள். முதல் நாளே தராசும் உரைகல்லும் வைத்துப் பார்க்க விட்டால் துணிந்து கேட்பார்கள். விற்பவர் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னால் சராசரியாக விலை ஏறும் என்று பொருளியலாளர்களான போல் மில்குரொமும் ரொபர்ட் வெபரும் 1982இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இருபது உருப்படியை ஒரே கட்டாகப் போடவே கூடாது. ஒரு மோதிரம் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார், மிஞ்சுவது நாலைந்து நகைக்கடைக்காரர். அவர்கள் பேசிவைத்து ஒருவரைக் கேட்கவிட்டு, பிறகு தங்களுக்குள் மறுபடி ஏலம் போடுவார்கள். வாய் ஏலத்தில் பேச்சை மீறுபவர் அங்கேயே அகப்படுவார்; விலையை எழுதி மூடிய உறையில் கொடுத்தால் திறக்கும்வரை தெரியாது, மீறத் துணிவு வரும். அதனால் ஆள் குறைந்த இடத்துக்கு உறை நல்லது, எழுதியதையே கட்டவேண்டும் என்பதால் சற்றுக் குறைத்து எழுதினாலும்கூட.

அடிவிலையை, அதாவது அதற்குக் கீழே விற்காத விலையை, கடன் நிலுவையோடு நிறுத்தினால், பேசிவைத்தவர்களும் அங்கேயே நிற்பார்கள். அன்று காலைத் தங்க விலையை வைத்து அடிவிலை போடவேண்டும். அதற்கு ஆள் வராத உருப்படியை அடுத்த ஏலத்துக்கு எடுத்து வைக்கவேண்டும்.